நாலு எட்டு

சோங்-கோல் ஏரிக்கரையில்
எக்ஸ்ரே என்றால்
முதலில் டீசல் வேண்டும்.
கணவாயில் பனி விலகியிருக்க வேண்டும்.
சாரிபெக்கின் லாரியில்
அவனுக்குப் பக்கத்தில்
ஓர் இடம் காலியாக இருக்க வேண்டும்.
இத்தனைக்கும் பிறகுதான் எலும்பு.

அதனால் இந்த மேய்ச்சல் மேட்டில்
முதலில் வேலைக்குப் போவது
என் கட்டைவிரல்.

இன்று காலை தொலோகோன் குதிரையிலிருந்து விழுந்தான்.
நாலு பேர் கம்பளத்தில் வைத்துத் தூக்கி வந்தார்கள்.
கணுக்கால் புளித்த மாவாய்ப் பொங்கி
கறுப்புத் திராட்சை நிறத்தில் மினுங்கியது.
"உடைந்துவிட்டது எஜே, உடைந்துவிட்டது" என்று
எதிர்மலைக்கும் சேர்த்துச் சொன்னான்.
நான் தொடுவதற்கு முன்பே
அவனை லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

அவன் மனைவி புருல்சா
குதிரைப்பால் வாளியோடு பின்னால் வந்தாள்.
அங்கவடியில் சிக்கிய அவன் காலை விடுவிக்க ஓடியபோது
மர்மோட் வளை ஒன்றில்
அவளுக்கும் கால் மடங்கியதாம்.
சொன்னது அவள் இல்லை, மகள்.

லாரிப் படியில் நின்றபடியே
அவன் காலை வாங்கிக்கொண்டேன்.
முன்பக்கத்துச் சதையைத் தொட்டதும் அலறினான்.
அலறட்டும்.
வெளிக்கணுவின் பின்விளிம்பில்
நுனியிலிருந்து மேலே, சுட்டுவிரல் நீளத்துக்கு
எலும்பை மட்டும் தேடி அழுத்தினேன்.
பேச்சில்லை.
உட்கணு. பேச்சில்லை.
பாதத்தின் வளைவு, வெளியோரம்.
அலற மறந்து என் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இறங்கு. நாலு எட்டு வை."
"செத்துப்போவேன்."
"நாலாவது எட்டுக்கு அப்புறம்."
நொண்டினான். நொண்டலாம், கணக்கில் அதுவும் உண்டு.
ஒன்று. இரண்டு. தாயே என்றான். மூன்று.
நாலு.
ஐந்தாவதை அவனாகவே வைத்தான்.

"உன் காலைக் காட்டு, புருல்சா."
"நடந்துதானே வந்தேன்."
உண்மை. வாளியோடு, மேட்டில், அறுபது எட்டாவது இருக்கும்.
பூட்ஸைக் கழற்றினால்
வீக்கம் என்று சொல்ல ஒன்றுமில்லை.
வெளியோரத்தில், பாதி வழியில்,
சுண்டுவிரலின் நீள எலும்பு தொடங்கும் இடத்தில்
ஒரு சின்ன முண்டு இருக்கும்.
அங்கே வைத்தேன் விரலை.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
வாளியின் பிடியை இறுக்கினாள்.
பால் தளும்பி
என் முழங்காலில் விழுந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால்
எர்மெக் என்றொரு பையன், கையூன்றி விழுந்து வந்தான்.
மணிக்கட்டைச் சுழற்றிக் காட்டினான், சிரித்தான்.
கட்டைவிரலை விரித்தால்
அதன் அடியில் விழும் சின்னக் குழியை
நான் அழுத்திப் பார்க்கவில்லை.
சுளுக்கு என்றேன். துணி சுற்றி அனுப்பினேன்.
இப்போது ஜாடி மூடியை இடக்கையால்தான் திறக்கிறான்.
அந்த எலும்பு முதல் படத்தில் ஒளிந்துகொள்ளவும் கூடும்,
பத்து நாள் கழித்து இன்னொன்று எடுக்க வேண்டும் என்று
கொச்கோர் டாக்டர் பிறகு சொன்னார்.
திட்டாமல் சொன்னார்.
திட்டியிருக்கலாம்.

"ஏறு" என்றேன் புருல்சாவிடம்.
அவள் கேட்டது காலைப் பற்றி அல்ல.
"இரண்டு மணிக்கு ஒரு தடவை கறக்கணும்.
ஏழு குதிரை. யார் கறப்பது?"

எல்லோரும் மெல்லத் திரும்பி
ஐந்து எட்டு நடந்தவனைப் பார்த்தார்கள்.

இப்போது இருட்டிவிட்டது.
கணவாயில் லாரி வெளிச்சம் இன்னும் தெரியவில்லை.
படத்தில் ஒன்றுமில்லை என்றும் வரலாம்;
டீசல் வீண் என்று சாரிபெக் முணுமுணுப்பான்.
முணுமுணுக்கட்டும், பணம் நான் தருகிறேன்.

குட்டிகள் கட்டியிருக்கும் பக்கம்
வாளி உருளும் சத்தம்.
தொலோகோன் கத்துகிறான்.

கத்துகிறான் அல்லவா,
நான் டீயைக் குடித்துவிட்டுப் போகிறேன்.